ஆறப் பொறுக்காத பெட்டி

ஐந்து மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த ஒரு மிதவைக் கருவி வேலை பத்தொன்பது மாதம் இழுத்தது. 2023 ஆகஸ்டில் தொடங்கினோம், 2024 ஜனவரியில் கடலில் இறக்குவதாகத் திட்டம், கடைசியில் முதல் கருவி ஒழுங்காக நின்று வேலை செய்கிறது என்று உறுதியானது 2025 மார்ச்சில். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் இதுவரை "ஹார்ட்வேர்னா அப்படித்தாங்க, லேட் ஆகும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி கொஞ்சம் வெட்கக்கேடானது. அதனால் அந்த நாட்களின் நோட்டையும் எங்கள் வாட்ஸ்ஆப் குழுவின் பழைய செய்திகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் கருவி என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்தைச் சுற்றி, முனைக்காடு பக்கமெல்லாம், வடகடலில் பாசி வளர்க்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் ஊரில் பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், அதில் வரிசையாகக் கயிறு, கயிற்றில் கப்பாபைகஸ் என்கிற பாசியின் துண்டுகளைக் கட்டிக் கடலில் விடுவார்கள். ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ விதைப்பாசி கட்டினால், எல்லாம் கூடிவந்தால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் கிடைக்கும், காயவைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் தொழில். கோடையில் தண்ணீர் சூடேறினாலும் சரி, மழையில் உப்பு இறங்கினாலும் சரி, நுனி வெளுத்து உதிர ஆரம்பித்துவிடும். 2013, 2014 வாக்கில் கடல் சூடேறி இந்தக் கரையில் பாசி பெருமளவில் அழிந்ததை இன்னும் இங்கே பேசுவார்கள்.

தெப்பத்தோடு கட்டிவிடும் ஒரு சின்ன மிதவை, அது தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அரைமணிக்கு ஒருமுறை அளந்து கரைக்கு அனுப்ப வேண்டும், அளவு மாறினால் அக்காக்களின் போனுக்குச் செய்தி போக வேண்டும். அவ்வளவுதான் யோசனை. இதில் புதுசு என்று எதுவும் இல்லை. ரேடியோவுக்கு லோரா, குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் எட்டும் வகை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம். சூட்டுக்கு டிஎஸ்18பி20 என்கிற ஒரு சென்சார். உப்புக்குத் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் ஒரு முனை. ஒரு சின்ன சோலார் தகடு, ஒரு பேட்டரி. கல்லூரி மாணவர்கள் ஒரு வாரத்தில் மேசைமேல் செய்து காட்டிவிடுவார்கள், நாங்களும் ஒரு வாரத்தில் மேசைமேல் செய்துவிட்டோம், அதுதான் வினை. மேசைமேல் ஓடுவதைப் பார்த்த அன்றைக்கே வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டதாக நாலு பேரும் நம்பிவிட்டோம்.

நாலு பேர் என்றால்: சர்க்யூட்டுக்கு நான், நிரலுக்கு ஒரு தம்பி, மண்டபத்தில் போட் இன்ஜின் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மீன்வளம் படித்த தோழி ஒருத்தி. கைக்காசுதான், முதலாளி கிடையாது. ஐந்தாவதாக ஒரு பாசி அக்கா. சம்பளம் இல்லை, ஆனால் அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

பார்சல் தூங்கிய கதை

2023 அக்டோபரில் சர்க்யூட் போர்டு அடிக்கச் சீனாவுக்கு ஆர்டர் போட்டோம். அங்கே அடித்து முடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. கப்பலும் இல்லை, விமானம்தான். சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று டிராக்கிங்கில் காட்டியது. அப்புறம் அதே வரி. மறுநாளும் அதே வரி.

குழுவில் தம்பி கேட்டான், "அண்ணே போர்டு?" நான் எழுதினேன், "கஸ்டம்ஸ்ல இருக்கு, பொறுமையா இருப்போம்." இந்த வாக்கியம் அந்த உரையாடலில் ஐந்து முறை இருக்கிறது, ஐந்தும் நான் எழுதியது. பத்தொன்பதாவது நாள் வேறு எதையோ தேடும்போது ஸ்பாம் பெட்டியில் அந்தக் கூரியர்காரர்களின் மின்னஞ்சல் கிடந்தது. பார்சல் வந்த மறுநாளே அனுப்பியிருக்கிறார்கள்: அடையாள அட்டை நகலும் உள்ளே என்ன பொருள் என்று ஒரு வரியும் வேண்டுமாம். அனுப்பினேன். மூன்றாம் நாள் போர்டு வீட்டு வாசலில்.

கூரியர் நிறுவனத்தைத் திட்ட ஆசைதான், ஒரு போன் போட்டிருக்கலாமே என்று. ஆனால் போன் என்னிடமும்தான் இருந்தது. முதல் வாரத்திலேயே கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கூப்பிடவில்லை, ஏனென்றால் காத்திருப்பது சுலபம், அதற்குப் பொறுமை என்று ஒரு மரியாதையான பெயர் வேறு இருக்கிறது.

இதே கதை கரையோரத்தில் நங்கூரம் போட அனுமதி கேட்டுப் போன ஓர் அலுவலகத்திலும் நடந்தது. மனு கொடுத்தோம், "பார்த்துச் சொல்றோம்" என்றார்கள், இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தோம். தோழி ஒருநாள் நேரில் போய் உட்கார்ந்தபிறகுதான் இடத்தைக் குறித்த வரைபடம் ஒரு பக்கம் இணைக்காமல் விட்டது தெரிந்தது. யாரும் மறுக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

சொத்தைப் புளிப்பு வாடை

இப்போது பொறுமையே இல்லாமல் செய்த காரியத்துக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசையும்.

2024 பிப்ரவரி. பணம் தரக்கூடும் என்று நாங்கள் நம்பிய இரண்டு பேர் சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வருகிறார்கள், வழியில் எங்கள் மிதவையைப் பார்க்கிறார்களாம். செய்தி வந்தது மூன்று நாள் முன்னால். போர்டு வேலை செய்கிறது, பெட்டி தயார், மூடி ஒட்டுவதுதான் பாக்கி. நல்ல எப்பாக்ஸிப் பிசின் ஊற்றி உறையவைக்க ஒரு வாரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும், எழுதியும் வைத்திருந்தேன். அண்ணன் பட்டறையில் குளியலறைக்கு அடிக்கும் சிலிக்கான் ட்யூப் ஒன்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடியைச் சுற்றி அதைத் தாராளமாகப் பிதுக்கி, கேபிள் நுழையும் துளையையும் உள்ளேயிருந்து அதாலேயே அடைத்து, திருகு முறுக்கினோம். காலையில் மிதவை மிதந்தது, கரையில் போனில் எண் வந்தது, வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, அது வேறு விஷயம்.

பத்தொன்பது நாள் எண் வந்தது. (பார்சலும் பத்தொன்பது நாள், இதுவும் பத்தொன்பது நாள், திட்டம் பத்தொன்பது மாதம். ஜாதகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.) இருபதாம் நாள் மௌனம். வள்ளத்தில் போய் அவிழ்த்துக்கொண்டு வந்து, பட்டறைத் திண்ணையில் வைத்து மூடியைத் திறந்தோம். திறந்ததும் ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி ஒரு புளிப்பு வாடை. உள்ளே ஒரு கரண்டி தண்ணீர். போர்டில் செம்பு தெரிந்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது, கோவில் குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் பூக்குமே, அந்தப் பச்சை. பேட்டரியின் பிளஸ் கம்பி சேரும் இடத்தில் செம்பே இல்லை, கம்பி தனியாகத் தொங்கியது.

தண்ணீர் எப்படி வந்தது என்பதற்கு அப்புறம் வருகிறேன். அந்தப் பச்சைக்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் என்றால் அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை. அமில ஆவி செம்பைத் தின்னும். எலக்ட்ரானிக்ஸுக்கு அதைத் தொடவே கூடாது, வாடை அடிக்காத, நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருக்கும் வகைதான் வேண்டும். இன்னொன்று, இந்தச் சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே இறுகும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். நாங்கள் பிதுக்கியிருந்த கனத்துக்கு நாலைந்து நாள் வேண்டும். நாங்கள் கொடுத்தது ஒரு ராத்திரி. வெளியே தோல் பிடித்துவிட்டது, உள்ளே பசையாக இருந்துகொண்டு, மூடிய பெட்டிக்குள் அமிலத்தை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

பாசி அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டியா தம்பி?" என்றார். பழமொழி எல்லோருக்கும் தெரிந்ததுதான், நூறு தடவை கேட்டதுதான். ஆனால் திண்ணையில் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது சுருக்கென்றது. பார்சலுக்கும் மனுவுக்கும் மாதக்கணக்கில் பொறுத்திருந்தோம், அங்கே பொறுத்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை. பசை இறுகும் இடத்தில் நாலு நாள் பொறுக்கவில்லை. எங்கள் பொறுமை முழுக்கத் தலைகீழாக இருந்திருக்கிறது. நச்சரிக்க வேண்டிய இடத்தில் சாமியார், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் பேய்.

பட்டறைக்காரர்களின் சீசன்

இரண்டாவது பெட்டிக்கு எஃகுச் சட்டம் ஒன்று வேண்டும், சோலார் தகட்டைத் தூக்கிப் பிடிக்கவும் கயிறு கட்டவும். வரைபடம் தயாரானது மார்ச் கடைசியில். அண்ணனின் பட்டறையில் வெல்டிங் கிடையாது, பக்கத்தில் தெரிந்தவரிடம் கொடுத்தோம், "அடுத்த வாரம்" என்றார்.

ஏப்ரல் 15 வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாத தேதியா? ஆனால் தடைக்காலம் என்றால் எனக்கு மீன் விலை மட்டும்தான் ஞாபகம் வந்தது. தடையில் படகுகள் எல்லாம் கரையேறும், இன்ஜின் இறக்குவார்கள், தகடு மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், ஜூன் 15 விடிவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பட்டறைக்காரர்களுக்கும் வெல்டர்களுக்கும் அதுதான் சீசன். அதில் நாங்கள் இரண்டு கிலோ எடைக்கு ஒரு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது. சட்டம் கைக்கு வந்தது ஜூன் கடைசி.

இதில் யார்மேலும் தப்பில்லை, எங்கள்மேல்தான். பிப்ரவரியிலேயே, அந்தப் படம் பிடிக்கும் கூத்தை விட்டுவிட்டு, சட்டத்தைக் கொடுத்திருக்கலாம். இல்லையென்றால் மதுரையில் செய்திருக்கலாம். இரண்டரை மாதம் வாரத்துக்கு ஒருமுறை போய் "அண்ணே ஆச்சா" என்று கேட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம். அண்ணனே ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார், "கச்சான் அடிச்சா தென்கடல்காரன் கரையில உக்காந்து அழுவானா? வலையத் தூக்கிக்கிட்டு வடகடலுக்குப் போவான்." இது இங்கே தினப்படி நடப்பது. இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊர், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தெற்கே பொங்கினால் வடக்கே அமைதி, வாடைக் காற்று அடித்தால் வடக்கே பொங்கும், தெற்கே தொழில் நடக்கும். வள்ளத்தை வண்டியில் ஏற்றிக்கூடக் கொண்டுபோவார்கள். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். எனக்கு ஒரு வெல்டர் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வெல்டர் என்று தோன்றவில்லை.

போல்ட் பற்றி ஒரு வரி. கடையில் "எஸ்.எஸ். போல்ட்" என்று கேட்டால் தருவார்கள், வெள்ளி மாதிரி மின்னும், ஒரு மாதத்தில் இந்தக் கரையில் காவி வழியும். 316 என்று எண் சொல்லிக் கேளுங்கள். அதில் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் சேர்ந்திருக்கும், உப்பைத் தாங்குவது அதனால்தான். விலை கூட, வரவழைக்க ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்துக்குப் பொறுங்கள். பாம்பன் புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்கு உள்ளே போகும் கம்பிக்கே துருப்பிடிக்காத எஃகு போட்டிருக்கிறார்கள் என்றால் இந்தக் காற்றைப் பற்றிப் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் பாலத்துக்கும் 2019 மார்ச்சில் அடிக்கல் போட்டு 2025 ஏப்ரல் 6ல்தான் திறப்பு. 2022 டிசம்பரிலிருந்து அதுவரை ரயில் தீவுக்குள் போகவில்லை. எங்கள் தாமதத்தில் மனம் நொந்தபோதெல்லாம் அந்தத் தூக்குப்பாலத்தைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டதும் உண்டு, நியாயமில்லாத ஒப்பீடுதான்.

பெட்டி மூச்சு விடுகிறது

இரண்டாவது பெட்டி 2024 ஜூலையில் இறங்கியது. இந்த முறை நல்ல ரப்பர் கேஸ்கெட், கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் நல்ல கிளாண்ட், வாடையில்லாத சிலிக்கான். வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கிப் பிடித்துப் பார்த்தோம், ஒரு குமிழ் இல்லை. வெற்றி. ஆகஸ்ட் நடுவில் திறந்தால் உள்ளே மறுபடியும் ஒரு கரண்டி தண்ணீர்.

இது எங்களை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. விரிசல் இல்லை, கேஸ்கெட் கிழியவில்லை, திருப்பி வாளியில் அமுக்கினால் சொட்டு இறங்கவில்லை. தம்பிதான் கண்டுபிடித்தான், அதுவும் தண்ணீரைப் பார்த்து இல்லை, எண்ணைப் பார்த்து. போர்டிலேயே ஒரு சூடளக்கும் சில்லு இருக்கிறது, அதன் பதிவுகளை யாரும் அதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை. மதியம் பெட்டிக்குள் 60 டிகிரி. ஓர் அலை மேலே ஏறி இறங்கினாலோ சாயங்காலம் ஆனாலோ சரசரவென்று 30க்கு வருகிறது.

மூடிய பெட்டிக்குள் இருக்கிற காற்று 60லிருந்து 30க்கு இறங்கினால் அதன் அழுத்தம் சுமார் 9 சதவீதம் குறையும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் வளிமண்டல அழுத்தத்தில் 9 சதவீதம் என்பது ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். அதாவது மேலே மிதக்கும் பெட்டி, ஒவ்வொரு நாளும் ஒருமுறை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பதுபோல் வெளியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சுகிறது. கேஸ்கெட்டின் ஓரத்தில் ஒரு மயிரிழை போதும். பகலில் காற்றை வெளியே தள்ளும், குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுக்கும். பெட்டி மூச்சு விடுகிறது. வாளியில் பிடித்த ஒரு மணி நேரத்தில் இது தெரியாது, ஏனென்றால் வாளியில் வெயில் இல்லை, மதியமும் இல்லை, சாயங்காலமும் இல்லை. இருபது முப்பது மதியங்கள் போனால்தான் ஒரு கரண்டி சேரும்.

மருந்து இரண்டு. போர்டை முழுக்க எப்பாக்ஸியில் புதைத்துவிடுவது, அங்கே மூச்சுவிடக் காற்றே இருக்காது. பேட்டரி உப்பிச் சுருங்கும், அதைப் புதைக்கக் கூடாது, அதற்குத் தனி அறை வைத்து, காற்றை விட்டு நீரை விடாத சவ்வு மூடி ஒன்றைப் பொருத்துவது. சவ்வு மூடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இந்த முறை ஆர்டர் போட்ட அன்றே அடையாள அட்டை நகலை அனுப்பிவிட்டு, சென்னை வந்த அன்று காலையும் மாலையும் போன் போட்டேன். எட்டு நாளில் கையில்.

எப்பாக்ஸியை மட்டும் அவசரப்படுத்தவில்லை. ஒரே மூச்சில் கனமாக ஊற்றினால் கலவை தானே சூடேறிக் கொதித்து விரிசல் விடும், அதனால் மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஒரு நாள். தொட்டால் ஒட்டாத நிலை 24 மணி நேரத்தில் வந்துவிடும், முழு உறுதி வர ஏழு நாள். அந்த ஏழு நாளும் பெட்டியை என் அம்மாவின் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன், யாரும் எடுத்துத் திருகிவிடக் கூடாது என்று. யாரும் என்றால் நான்தான்.

முப்பது நாள் வாளி

செப்டம்பரில் எங்களுக்குள் பெரிய சண்டை. மூன்றாவது பெட்டி தயார். நான் சொன்னேன், முற்றத்தில் கடல்தண்ணீர் வாளியில், நிழல் இல்லாத இடத்தில், முப்பது நாள் கிடக்கட்டும், வெயிலும் இரவும் மாறி மாறிப் படட்டும், அதற்குப் பிறகுதான் கடல். தம்பி எழுந்து நின்றுவிட்டான். "முப்பது நாள் ஆச்சுன்னா அக்டோபர். வாடை வந்துரும். வாடை வந்தா வடகடல்ல எறக்க முடியாது. அப்போ ஜனவரி. ஒரு வருஷம் ஓடிப்போச்சுண்ணே, எனக்கு வீட்ல பேச முடியல."

அவன் சொன்ன கணக்கு சரி. வாடைக் காற்றில் தெப்பங்களையே பலர் கரையேற்றிவிடுவார்கள். அவனுக்குச் சென்னையில் ஒரு வேலை வந்திருந்தது, அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பொறுமையாக இருக்கச் சொல்வது சுலபம், அந்தப் பொறுமைக்குக் காசு கொடுப்பது யார் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. அண்ணனுக்குப் பட்டறை ஓடுகிறது, எனக்கு வேறு வேலை இருக்கிறது, தோழி சம்பளக்காரி. அந்த ஒரு வருஷமும் முழுச் சுமை அவன்மேல்தான் விழுந்திருக்கிறது. சின்னக் குழுவில் தாமதம் சமமாகப் பங்கு பிரிவதில்லை, இதை முதல் மாதமே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

முடிவைச் சொன்னது பாசி அக்கா. "கடல்ல போட்டுட்டு அழுவுறதுக்கு, வாளியில போட்டு அழுவலாம். தம்பி வேலைக்குப் போகட்டும். பெட்டி எங்கயும் போவாது." தம்பி வேலைக்குப் போனான். ராத்திரியில் அங்கிருந்தே நிரல் எழுதினான். சொல்லப்போனால் அதற்கப்புறம்தான் அவன் எழுதிய நிரல் ஒழுங்காக இருந்தது, கோபம் போய்விட்டது.

வாளியில் கிடந்த அந்த முப்பது நாளில்தான் உப்புக் கணக்கின் பிழை வெளிவந்தது. வாளித் தண்ணீரை மூடி வைத்திருக்கிறோம், உப்பு கூடவும் வழியில்லை குறையவும் வழியில்லை, ஆனால் கருவி காலையில் ஒன்று சொல்கிறது, மதியம் ஒன்று சொல்கிறது. தண்ணீர் சூடேறினால் மின்கடத்துதிறன் டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூடும், நிரலில் அந்தக் கழிவைப் போட்டிருந்தோம், ஆனால் சூட்டை எடுத்தது தண்ணீரிலிருந்து இல்லை, போர்டிலிருந்து. ஒரே எழுத்துப் பிழை, இரண்டு சென்சாருக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். தண்ணீர் 3 டிகிரி மாற, போர்டு 20 டிகிரி மாறும். இப்படியே கடலில் விட்டிருந்தால் தினம் மதியம் மழை பெய்து உப்பு இறங்கிவிட்டதாக அக்காக்களுக்குச் செய்தி போயிருக்கும். நாலு நாளில் எங்கள் எண்ணை பிளாக் செய்திருப்பார்கள், அதற்கு எந்த எப்பாக்ஸியும் உதவாது.

நவம்பர் 20

2024 நவம்பர் 20ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எங்கும் தெருவில் முழங்கால் தண்ணீர். வடகடலில் எவ்வளவு நல்ல தண்ணீர் இறங்கியிருக்கும், உப்பு எவ்வளவு விழுந்து எத்தனை நாளில் திரும்பியிருக்கும் என்று அளந்து வைத்திருக்க வேண்டிய நாள், இந்தக் கருவி பிறந்ததே அதற்குத்தான். அது என் மேசைமேல் இருந்தது. ஜன்னலில் சாரல் அடிக்கிறதே என்று அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்.

நோட்டில் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாளிக்குக் கொடுத்த முப்பது நாள், எப்பாக்ஸிக்குக் கொடுத்த பத்து நாள், இவற்றை எடுத்துவிட்டிருந்தால் கருவி அன்றைக்குக் கடலில் இருந்திருக்கும், ஆனால் பொய் சொல்லிக்கொண்டு இருந்திருக்கும். அந்த நாற்பது நாளையும் அப்படியே வைத்துக்கொண்டு, பார்சலுக்கு மூன்று வாரம், மனுவுக்கு இரண்டு மாதம், வெல்டருக்கு இரண்டரை மாதம், இவற்றில் பாதியை மிச்சம் பிடித்திருந்தாலும் ஜூலைக்கு முன்பே வாளியில் போட்டு ஆகஸ்டில் நங்கூரம் போட்டிருப்போம். அந்த மழையை நழுவவிட்டது போன் போடாத நாட்கள்தான்.

இப்போது

2025 ஜனவரியில் காற்று விழுந்ததும் இறக்கினோம். இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், திறந்து பார்த்தபோது பேட்டரி அறை எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது, உள்ளே போட்ட, ஈரம் பட்டால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நீலமாகவே இருந்தது. அன்றைக்குத்தான் வேலை முடிந்ததாக எழுதிக்கொண்டேன். இப்போது மூன்று மிதக்கின்றன. ரேடியோவில் ஒரு தொல்லை இருந்தது, ஆன்டெனா தண்ணீருக்கு அரை மீட்டர் மேலேதான் இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் அலை தடையில்லாமல் போகச் சுமார் 13 மீட்டர் வெளி வேண்டும், அதனால் கரைப்பக்க ஆன்டெனாவை ஒரு மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஏற்றிவிட்டோம். வீட்டுக்காரருக்கு மாதாமாதம் கொஞ்சம் பணமும் நிறைய நன்றியும்.

தீராதது ஒன்று இருக்கிறது. உப்பு அளக்கும் முனையில் பத்துப் பன்னிரண்டு நாளில் வழவழப்புப் படிந்து, அப்புறம் சிப்பி மாதிரிக் குட்டிக் குட்டியாக ஒட்ட ஆரம்பித்துவிடுகிறது, எண் மெல்ல இறங்கும். அதற்குத் தாமிரக் கூண்டு, துடைப்பான், என்னென்னவோ யோசித்தோம். அக்கா பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைத் தெப்பத்தில் கட்டி வைத்திருக்கிறார், களை பறிக்கப் போகும்போது நாலு தேய் தேய்த்துவிட்டு வருகிறார். தம்பி நிரலில் ஒரு மாற்றம் செய்தான், தேய்த்ததும் எண் துள்ளும், அந்தத் துள்ளலை வைத்தே கடைசியாக எப்போது சுத்தமானது என்று அது குறித்துக்கொள்ளும்.

நாலாவது பெட்டி முற்றத்து வாளியில் கிடக்கிறது, இன்று பதினோராம் நாள். நேற்று ராத்திரி தம்பி சென்னையிலிருந்து கூப்பிட்டான். "வாளி எப்படிண்ணே?" "தொடலப்பா." "சவ்வு மூடி?" "சென்னை வந்துருச்சு, காலைல கூப்பிட்டேன், நாளைக்கும் கூப்பிடணும்." "நாளைக்கு நான் நேர்லயே போயிர்றேன், ஆபீஸ் பக்கத்துலதான் இருக்கு அந்தக் குடோன்," என்றான்.